மைதானம் நிறையாத ராக் கச்சேரிகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கேண்டில்ஸ்டிக் பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில் பீட்டில்ஸ் குழு பாடியது. உலகமே அந்த நான்கு பேரையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய காலம் அது. மைதானத்தில் 42,500 பேர் உட்காரலாம். விற்றது ஏறத்தாழ 25,000 டிக்கெட்தான். அதற்கு ஆறு நாள் முன்னால் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பாடினார்கள். அங்கேயும் சுமார் 11,000 இடம் காலி. முந்தின வருஷம் அதே ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் கூடியிருந்தார்கள். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் முன்னால் பீட்டில்ஸ் பாடிய கடைசிக் கச்சேரி அந்தக் கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரிதான்.

அந்த நால்வரில் மூத்தவரான ரிங்கோ ஸ்டாருக்கு அப்போது வயது 26. ஆள் கிழமாகிவிட்டார், பாட்டு பழசாகிவிட்டது என்று யாரும் காரணம் சொல்லியிருக்க முடியாது. பழைய ராக் குழுக்களின் கச்சேரிகளில் இடம் காலியாகக் கிடக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கணக்குதான். வயதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் பெரிய பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் காரைக்குடியில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன். கோயில் திருவிழா, கல்யாணம், சாந்தி, கல்லூரி ஆண்டுவிழா என்று மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் ஜெனரேட்டருமாகத்தான் என் வாழ்க்கை ஓடுகிறது. இப்படிப்பட்டவனுக்கு ராக் இசை எப்படிப் பழக்கம் என்று கேட்பீர்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து போய்வந்த வீடுகள் நிறைய. தேக்கும் பீங்கானும் வந்த வழியிலேயே இசைத்தட்டும் கேசட்டும் வந்தன. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் அப்படி வந்த சாமான்களை இன்றைக்கும் பார்க்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகளில்தான் நான் டீப் பர்ப்பிளையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் முதலில் கேட்டேன். அந்தக் கிட்டார் சத்தம் எந்தப் பெட்டியில் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அதனால் அந்தக் குழுக்களின் கச்சேரியில் நாற்காலி காலி என்று கேள்விப்பட்டால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2024 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்த தி பிளாக் கீஸ் என்ற குழு, தன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் முழுவதையும் ரத்து செய்தது. 2001இல் தொடங்கிய குழு. இரண்டே பேர்தான், ஒருவர் கிட்டார், ஒருவர் டிரம்ஸ். அவர்கள் பிடித்திருந்தது மைதானம்கூடக் கிடையாது, 15,000 முதல் 20,000 பேர் கொள்ளும் உள்ளரங்கங்கள். ரத்து செய்த கையோடு, இனிமேல் இன்னும் சின்ன இடங்களில் வாசிக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆல்பம் அந்த ஏப்ரலில்தான் வெளியாகியிருந்தது. கேட்க ஆள் இருந்தார்கள். அத்தனை பெரிய இடத்தை, அந்த விலைக்கு, அத்தனை ஊரில் நிரப்ப ஆள் இல்லை.

இந்த இட அளவு ரொம்ப முக்கியம். கச்சேரி நடக்கும் ஒரு நல்ல தியேட்டர் என்றால் 2,000, 3,000 பேர் கொள்ளும். உள்ளரங்கம் அதைப்போல ஆறேழு மடங்கு. மைதானம் என்றால் 50,000, 60,000. லண்டன் வெம்ப்ளியில் இருக்கை மட்டுமே 90,000. தியேட்டரில் 10,000 பேர் டிக்கெட் கேட்டு வந்தால் நான்கு நாள் கச்சேரி நடத்தலாம், நான்கு நாளும் அரங்கம் நிறைந்திருக்கும். அதே 10,000 பேரை மைதானத்தில் உட்காரவைத்தால், அந்தக் குழு தோற்றுவிட்டது என்று மறுநாள் எழுதுவார்கள். ரசிகர்கள் அதே ரசிகர்கள்தானே?

அப்படியானால் ஏன் மைதானத்தையே பிடிக்கிறார்கள்? இங்கேதான் பணம் வருகிறது. இதை எங்கள் ஊர் வழக்கத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா நடக்கிறது. செட்டிநாட்டின் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு விழா உண்டு. இன்னிசைக் கச்சேரிக்கு வருகிற குழுவுக்குப் பேசிய தொகையை மண்டகப்படிக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். மழை வந்தாலும் கூட்டம் குறைந்தாலும் பாடியவர்களுக்குக் காசு வந்துவிடும். தெருவில் நின்று கேட்கிறவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மண்டகப்படிக்காரரும் அந்தக் காசைத் திருப்பி எதிர்பார்ப்பதில்லை, அது அம்மனுக்குச் செய்தது.

பெரிய ராக் கச்சேரியிலும் பேசிய தொகை உண்டு. ஏற்பாட்டாளர் முன்கூட்டியே குழுவுக்கு ஒரு உத்தரவாதம் கொடுக்கிறார். ஆனால் அவர் போட்டது வியாபார முதல். ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் அதைத் திருப்பி எடுத்தாக வேண்டும். இந்த முறையைப் பெரிய அளவில் மாற்றியது 1989இல் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய சுற்றுப்பயணம். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவர் இருப்பார், அவர் ஊரின் நாடித்துடிப்பு அவருக்குத் தெரியும். மைக்கேல் கோல் என்ற கனடாக்காரர் வந்து, மொத்தப் பயணத்தையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரே ஒப்பந்தமாகப் பெரும் தொகை பேசினார். டிக்கெட், பனியன், விளம்பரம், ஒளிபரப்பு எல்லாம் ஒரே கையில். குழுவுக்கு அதுவரை கனவிலும் காணாத பணம். ஆனால் அந்தத் தொகையை மீட்க வேண்டுமென்றால் இடம் பெரிதாக வேண்டும், அல்லது விலை ஏற வேண்டும். நாளாவட்டத்தில் இரண்டும் நடந்தன.

1994இல் ஈகிள்ஸ் குழு மறுபடி ஒன்றுகூடியபோது சில டிக்கெட்டுகள் 100 டாலரைத் தாண்டின. அன்றைக்கு அது பெரிய பேச்சு. அதே வருஷம் பேர்ல் ஜாம் என்ற இளம் குழு, டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் வசூலிக்கும் கட்டணத்தை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சாட்சியே சொன்னது. கோடைக்காலப் பயணத்தையும் கைவிட்டது. அந்தப் பிள்ளைகளை அன்றைக்குப் பலர் விவரம் தெரியாதவர்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன கவலை இன்றைக்கு அப்படியே கண்ணெதிரே நிற்கிறது.

அப்புறம் 1999இல் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வந்தது. பாட்டை இலவசமாக இறக்கிக்கொள்ள வழி கிடைத்தது. இசைத்தட்டு வியாபாரம் சரிந்தது. அதுவரை கச்சேரி என்பது ஆல்பத்தை விற்க ஒரு விளம்பரம் மாதிரி. டிக்கெட் மலிவாக இருந்தால் கூட்டம் வரும், வந்த கூட்டம் கடையில் ஆல்பம் வாங்கும். ஆல்பமே விற்காது என்று ஆனதும், கச்சேரியிலேயே முழுப் பணத்தையும் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 2002இலேயே பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி இதைச் சொல்லிவிட்டார். இசை இனிமேல் குழாய்த் தண்ணீர், மின்சாரம் போல ஆகிவிடும், கலைஞர்கள் நிறையச் சுற்றுப்பயணம் போகத் தயாராக இருக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் இதையே கணக்காகப் போட்டுக் காட்டினார். 1996 முதல் 2003 வரை அமெரிக்காவில் பொதுவிலைவாசி 17 சதவீதம் ஏறியபோது, கச்சேரி டிக்கெட்டின் சராசரி விலை 82 சதவீதம் ஏறியிருக்கிறது.

அவர் காட்டிய இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட வேதனையானது. 1982இல் கச்சேரி வருமானத்தில் 26 சதவீதம், மேல்மட்டத்து 1 சதவீதக் கலைஞர்களுக்குப் போனது. 2017இல் அதுவே 60 சதவீதம். ஒரு குடும்பம் வருஷத்துக்கு ஒரு பெரிய கச்சேரிக்குத்தான் செலவு செய்யும் என்றால், அந்தப் பணம் யாருக்குப் போகும்? அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 கச்சேரி நடத்தினார். 1 கோடிக்கு மேல் டிக்கெட் விற்று, 200 கோடி டாலருக்கு மேல் வசூல். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பெண் அந்த உழைப்பைப் போட்டார். ஆனால் மகளுக்காக அந்த டிக்கெட் வாங்கிய அப்பா, தனக்குப் பிடித்த பழைய குழு அதே வருஷம் ஊருக்கு வரும்போது பர்ஸைத் திறக்க யோசிப்பார். அதுவும் கோவிட் காலத்தில் இரண்டு வருஷம் முடங்கிக் கிடந்த எல்லாக் குழுக்களும் ஒரே சமயத்தில் கிளம்பி வந்தால்?

இதற்கு நடுவில் விலையேற்றத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். கேட்கிற ஆள் கூடக்கூட விலை தானாகவே ஏறும். விமான டிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு இந்த முறையில் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை போயின. ஸ்பிரிங்ஸ்டீன் யார்? தொழிற்சாலை ஆட்களையும் வேலையிழந்த சிற்றூர் மக்களையும் பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடியவர். அவருடைய ரசிகர்கள் 1980 முதல் பேக்ஸ்ட்ரீட்ஸ் என்று ஒரு பத்திரிகை நடத்திவந்தார்கள். 2023இல் அதை மூடிவிட்டார்கள். டிக்கெட் விலையைப் பார்த்து மனசு விட்டுப்போனதை வெளிப்படையாகவே எழுதிவிட்டுத்தான் மூடினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு கலைஞனைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள். ஓர் இருக்கை காலியாவதைவிட இது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

டிக்கெட் விற்கும் தளத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. டிக்கெட்மாஸ்டரில் மைதானத்தின் படம் தெரியும். விற்காத இருக்கையெல்லாம் நீலப் புள்ளி. முன்பெல்லாம் எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்பது கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும். இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் முழுக்க நீலமாக இருந்தால் ரசிகர் என்ன செய்வார்? அவசரமில்லை, கடைசி வாரம் விலை இறங்கும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பார். ஆயிரக்கணக்கான பேர் இப்படிக் காத்திருந்தால் நீலம் குறையவே குறையாது. அதைப் பார்த்து ஏற்பாட்டாளர் பயந்துபோய்க் கச்சேரியையே ரத்து செய்கிறார். காத்திருந்தவர் கேட்க வேண்டும் என்ற ஆசையோடுதான் காத்திருந்தார். கடைசியில் இரண்டு பேருக்குமே கச்சேரி இல்லை.

வயது ஒரு காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. 1975இல் இருபது வயதில் லெட் செப்பலின் கேட்டவருக்கு 2025இல் எழுபது வயது. மைதானத்தின் செங்குத்துப் படிகளை நினைத்துப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடை, கழிப்பறைக்கு வரிசை, நள்ளிரவில் வீடு திரும்ப வேண்டும். டிக்கெட் வாங்கப் பணம் இருக்கிறவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஓடி ஏறக்கூடிய வயதுப் பிள்ளைகளிடம் பணம் கிடையாது.

அந்தப் பிள்ளைகள் பழைய பாட்டைக் கேட்கவே இல்லை என்று சொல்வது தவறு. நிறையக் கேட்கிறார்கள். 2022இல் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் மெட்டாலிகாவின் 1986ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று வந்தது, உலகம் முழுக்கப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதை வாசிக்கப் பழகினார்கள். ஆனால் ஒரு பாட்டைத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு குழுவோடு வளர்வது வேறு. முன்பு ஒரு ஆல்பம் வாங்கினால் அதையேதான் ஆறு மாதம் கேட்டாக வேண்டும், இன்னொன்று வாங்கக் காசு இருக்காது. பிடிக்காத பாட்டும் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போகும். வானொலியிலும் 1981க்குப் பிறகு எம்டிவி என்ற பாட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரே பாட்டை ஒரு தலைமுறையே சேர்ந்து கேட்டது. இன்றைக்கு ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு பட்டியல்.

ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் பிறந்தது 1943. நம் இளையராஜாவும் அதே 1943தான். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில் ஏறுங்கள், டிரைவர் ராஜா பாட்டு போட்டிருப்பார். பள்ளிக்கூடப் பையனும் கேட்கிறான், சந்தைக்குப் போகிற ஆச்சியும் கேட்கிறார். டீக்கடையில் கேட்கிறது, கல்யாண வீட்டில் நானே போடுகிறேன். யாரும் தேடிப் போகாமலே அந்தப் பாட்டு அடுத்த தலைமுறையின் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் அவர் கச்சேரியில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து நிற்கிறார்கள். மேற்கே ராக் இசைக்கு இப்படிப் பொது இடத்தில் கலந்து கிடக்கும் வாழ்க்கை குறைந்துகொண்டே வருகிறது. பழைய ராக் பாட்டு போடும் வானொலிக்குக் கேட்பவர்களும் அதே வயதுக்காரர்கள்தான்.

விடைபெறுகிறோம் என்ற பேச்சும் நம்பிக்கையைக் கெடுத்திருக்கிறது. தி ஹூ குழு 1982இலேயே விடைபெறும் பயணம் நடத்தியது. கிஸ் குழு 2000இல் ஒருமுறை விடைபெற்று, மறுபடி வந்து, 2023 டிசம்பர் 2ஆம் தேதி நியூயார்க்கில் கடைசிக் கச்சேரி என்று முடித்தது. மோட்லி க்ரூ குழு 2014இல் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இனி மேடை ஏற மாட்டோம் என்று சட்டப்படி ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்துப் போட்டது. 2015 டிசம்பர் 31 கடைசி நாள். 2019இல் திரும்பி வருவதாக அறிவித்தார்கள், 2022இல் மைதானங்களில் வாசித்தார்கள். இதுதான் கடைசி என்று நம்பிக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்த ரசிகருக்கு அடுத்த தடவை என்ன தோன்றும்?

உண்மையான கடைசி எப்படி இருக்கும் என்பதை 2025 ஜூலை 5ஆம் தேதி பார்த்தோம். பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில், தான் பிறந்த ஊரில், பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், பிளாக் சபாத் என்ற தன் குழுவின் பழைய தோழர்களோடு பாடினார். நடக்க முடியாத உடல்நிலை, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். மைதானம் நிரம்பி வழிந்தது. அதே மாதம் 22ஆம் தேதி அவர் காலமானார். அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தபோது என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை.

ஆள் குறைவதையும் சொல்ல வேண்டும். ஸ்டோன்ஸின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021இல் போய்விட்டார். லினர்ட் ஸ்கினர்ட் குழுவில் மிச்சமிருந்த ஒரே ஆரம்பகால உறுப்பினர் கேரி ராசிங்டன் 2023இல். ஏரோஸ்மித், பாடகர் ஸ்டீவன் டைலரின் தொண்டைக் காயம் ஆறாததால் 2024இல் சுற்றுப்பயணங்களையே முடித்துக்கொண்டது. பெயர் அதே பெயர்தான், மேடையில் நிற்பது யார் என்று ரசிகர் பார்ப்பது நியாயம்.

இத்தனையும் சொன்ன பிறகு, மைதானத்தை நிரப்பும் பழைய குழுக்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. யூ2 குழுவே நல்ல உதாரணம். 1997இல் அவர்கள் அமெரிக்க மைதானங்களில் பிரம்மாண்ட மேடையோடு வந்தார்கள், பல ஊர்களில் இடம் நிறையவில்லை. 2009 முதல் 2011 வரை மைதானத்தின் நடுவிலேயே மேடை போட்டு, சுற்றிலும் மக்களை உட்காரவைத்தார்கள். 110 கச்சேரி, 72 லட்சம் டிக்கெட், 73.6 கோடி டாலர் வசூல். பன்னிரண்டு வருஷம் வயது கூடிய அதே நான்கு பேர்தான். ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் குழு 2009இல் பிரிந்து, பதினாறு வருஷம் கழித்து 2025இல் சேர்ந்தது. அத்தனை காலம் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது என்றதும் மக்கள் அலைமோதினார்கள். ஆனால் அங்கேயும் 150 பவுண்டு என்று நினைத்து வரிசையில் நின்றவர்கள் முன்னால் 350 பவுண்டுக்கு மேல் விலை வந்து நின்றது. பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் டிக்கெட் விற்ற முறையை விசாரிக்கும் அளவுக்கு அது போனது.

என் மனசுக்கு மிகவும் பிடித்த கணக்கு தி க்யூர் குழுவுடையது. 1970களில் இங்கிலாந்தில் கிளம்பிய குழு. 2023இல் அமெரிக்கா வந்தபோது பாடகர் ராபர்ட் ஸ்மித் சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். தானாக ஏறும் விலை கூடாது. குறைந்த விலை டிக்கெட் 20 டாலருக்கு இருக்க வேண்டும். விற்பனை தொடங்கியதும், 20 டாலர் டிக்கெட்டுக்கு மேல் இன்னும் 20 டாலருக்கு மேலே கட்டணம் போட்டிருப்பதாக ரசிகர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். ஸ்மித் விடவில்லை. டிக்கெட்மாஸ்டரோடு பேசி, மலிவு டிக்கெட் வாங்கியவர்களுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுக்க வைத்தார். அரங்கங்கள் நிறைந்தன. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று நாள் வாசித்தார்கள். அவர்கள் வரலாற்றிலேயே அதிக வருமானம் தந்த பயணமும் அதுதான். வயதான குழு, பழைய பாட்டு, நடுத்தர இடம், நியாயமான விலை. கூட்டம் வந்தது.

தொழில்காரனாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மைதானம் ராக் இசைக்கு நல்ல இடமே கிடையாது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குச் சத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி தாமதமாக வரும். டிரம்ஸ் குச்சி இறங்குவதைக் கண் முதலில் பார்க்கும், காது பிறகுதான் கேட்கும். அதைச் சரிக்கட்ட நடுவில் கோபுரம் நிறுத்தி, அதில் ஸ்பீக்கர் வைத்து, அந்தச் சத்தத்தை அளந்து தாமதப்படுத்தி விட வேண்டும். எதிர்க்கரையிலுள்ள கான்கிரீட்டில் மோதித் திரும்பும் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று திசை மாறினால் மேல் சுருதி எல்லாம் கரைந்துபோகும். 1965இல் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது, அறிவிப்பு சொல்ல வைத்திருந்த மைதானத்து ஒலிபெருக்கியில்தான் பாட்டு போனது, ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. இன்றைக்குக் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் கடைசி வரிசைக்காரர் காசு கொடுத்துவிட்டுப் பெரிய திரையைத்தான் பார்க்கிறார். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதைவிடத் தெளிவாகக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றினால் தப்பில்லை.

இந்தியாவிலும் இதே கணக்கு வரப்போகிறது. 2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் திடலில் வாசித்தார்கள். 2007 மார்ச் 17ஆம் தேதி ஐயன் மெய்டன் அதே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தது. காரைக்குடியிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய், வெயிலில் காத்திருந்து நான் கேட்ட கச்சேரி அது. பக்கத்தில் அசாமிலிருந்து ரயிலில் வந்த பையன்கள் நின்றார்கள். 2011இல் மெட்டாலிகா, 2019 டிசம்பரில் நவி மும்பையில் யூ2. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே அகமதாபாத் மைதானத்தில் ஒவ்வொரு ராத்திரியும் 1 லட்சத்துக்கு மேல் கூட்டம் கூட்டியது. மும்பையில் டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. இதைப் பார்த்துவிட்டு ஏற்பாட்டாளர்கள், எந்தப் பழைய குழுவைக் கூட்டிவந்தாலும் இப்படியே நிரம்பும் என்று மைதானத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கோல்ட்ப்ளே கூட்டத்தில் பாதிப் பேர் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். டீப் பர்ப்பிளுக்கு அந்தக் கூட்டம் வராது. வருகிறவர்கள் ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு வரியும் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற வழியை ஆல்மன் பிரதர்ஸ் குழு காட்டிவிட்டது. நியூயார்க்கில் பீக்கன் தியேட்டர் என்று 2,800 பேர் கொள்ளும் ஓர் அரங்கம். 1989 முதல் 2014 வரை, பெரும்பாலும் ஒவ்வொரு வசந்த காலத்திலும், அங்கே வந்து பல நாள் தொடர்ந்து வாசித்தார்கள். மொத்தம் 230 கச்சேரிக்கு மேல். டிக்கெட் தீராத நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் பாட்டு வரிசையை மாற்றுவார்கள், அதனால் ஒரே ரசிகர் மூன்று நாள், நான்கு நாள் வருவார். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி 1997இல் மைதானத்தை விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கத்தில் 1,000 சொச்சம் பேர் முன்னால் இருபது ராத்திரி வாசித்தார். லாரி ஊர் ஊராக ஓட வேண்டாம், மேடையைப் பிரித்துப் பிரித்துக் கட்ட வேண்டாம், வயதான கலைஞர்கள் ஒரே ஊரில் தங்கி ஓய்வெடுத்து வாசிக்கலாம். செலவு இப்படி இறங்கினால் டிக்கெட்டும் இறங்கும்.

சென்னைக்கு அப்படி ஒரு பழைய குழு வரட்டும். ஒரு நல்ல அரங்கத்தில் நான்கு நாள் வாசிக்கட்டும், 1,000 ரூபாய்க்கு டிக்கெட் இருக்கட்டும். காலையில் பல்லவன் ஏறினால் மதியம் எழும்பூர். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன்கள், கிட்டார் வாங்கி யூடியூப் பார்த்துப் பழகுகிறவர்கள், அன்றைக்கு அந்த ரயிலில் இருப்பார்கள். அவர்களோடு நானும் கட்டாயம் போவேன்.

நன்றி. வணக்கம்.